நள்ளிரவில் மதமின்மைப் பாடம்: எட்டு வார இணையப் படிப்பு எப்படி இருந்தது

போன ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசி வரை செவ்வாய்க்கிழமை தோறும், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரிட்டனில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவு நடத்தும் படிப்பு அது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இன்றைய உலகில் மதம், நாத்திகம், மதமின்மை’ என்று வரும். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நேரலை வகுப்பு, கடைசியில் 1,500 சொல்லில் ஒரு கட்டுரை, நம் பணத்தில் ஏறத்தாழ 34 ஆயிரம் ரூபாய். சேருவதற்கு முன்னால் இப்படி ஒரு படிப்பைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அவை ஒரு பேட்சில் ஒரு மாணவருக்கு நடந்தவை, அதை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவது நியாயமாகப் படவில்லை. இந்த மாதிரிப் படிப்புகள் இப்போது பல இடங்களில் நடக்கின்றன. எதைப் பார்த்துச் சேர வேண்டும், எதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அளவுகோல் உங்களுக்குப் புரியாது. சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா கருஞ்சட்டைக்காரர், ‘விடுதலை’ படிக்காமல் காலைக் காபி குடிக்க மாட்டார். அம்மா ஆடி மாதம் முழுக்க மாரியம்மனுக்கு மாவிளக்கு, கூழ் என்று ஓடிக்கொண்டிருப்பவர். இரண்டு பேரும் நாற்பத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் மாற்ற முயன்று நான் பார்த்ததில்லை. இந்த வீட்டை ஒரு ஆய்வாளர் எந்தக் கட்டத்தில் எழுதுவார் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள் இருந்த கேள்வி. அதற்குப் பதில் கிடைக்குமா என்று பார்க்கத்தான் சேர்ந்தேன்.

முதல் வாரம் துறையின் வரலாறு. ஆசிரியர் ஸ்காட்லாந்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமாகப் பேசுகிறவர். மதத்தைச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு என்பதிலிருந்து தொடங்கினார். 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பைச் செல்லாது என்று சொன்ன ஷெம்ப் வழக்கின் தீர்ப்பிலேயே, மதத்தை ஒரு பாடப்பொருளாக எடுத்துப் படிப்பதற்குத் தடையில்லை என்ற குறிப்பும் இருந்தது, அதன் பிறகுதான் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் வரிசையாக முளைத்தன என்றார். பிரிட்டனில் 1967இல் நினியன் ஸ்மார்ட் லங்காஸ்டரில் தொடங்கிய துறை அதே காலத்தது. அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக 1870இல் வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் ஆற்றிய உரைகளையும், ஒன்றை மட்டும் அறிந்தவன் ஒன்றையும் அறியாதவன் என்று அவர் சொன்னதையும் எடுத்துக்காட்டினார்.

அதைக் கேட்டபோது எனக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே சைவ சித்தாந்தத்துக்குத் தனித்துறை, வைணவத்துக்குத் தனித்துறை, சமணவியலுக்கும் கிறித்தவ ஆய்வுக்கும் தனித்தனித் துறைகள். ஒவ்வொன்றிலும் நல்ல அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பெண்ணையும், போகாத அவள் கணவனையும், சர்ச்சுக்குப் போய்விட்டு வரும் வழியில் திருஷ்டிப் பூசணி உடைக்கிற பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஒரு துறை நமக்குத் தேவை என்று அந்த இரவு அழுத்தமாகத் தோன்றியது.

இரண்டாம் வாரம் ‘மதம்’ என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்ற விவாதம். ஜப்பானை எடுத்துக்கொண்டார். இன்று மதத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘ஷூக்யோ’ என்ற சொல், மேற்கத்திய நாடுகளோடு ஒப்பந்தம் போட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்தப் பொருளில் நிலைபெற்றது. அதனால் இன்றைக்கும் ஒரு ஜப்பானியரிடம் கேட்டால் ‘முஷூக்யோ’, அதாவது எனக்கு மதமில்லை என்பார், புத்தாண்டன்று கோயிலில் கைதட்டிக் கும்பிட்டு நிற்பார், அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியாது. சிகாகோவில் இருந்த ஜொனாதன் ஸ்மித், மதம் என்பதே ஆய்வாளர் தன் படிப்பறையில் உண்டாக்கிக்கொண்ட வகைப்பாடு என்று எழுதியதையும் இதோடு சேர்த்துப் படித்தோம். முதலில் எனக்கு ஏற்கவே முடியவில்லை. கோயில் கண்ணெதிரே நிற்கிறது, தேர் ஓடுகிறது, அதைப் போய் யாரோ உண்டாக்கிய வகைப்பாடு என்றால்? கோயிலும் தேரும் சண்டையும் உண்மைதான், அவற்றையெல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டு மேலே ஒட்டியிருக்கிற சீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். புள்ளியியல்காரனுக்குச் சீட்டு என்றால் புரியும். அதற்கப்புறம் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்துக்காகவே இந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன். மதம் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது என்பதுதான் பாடம்.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் 2001இல்தான் மதக் கேள்வி சேர்ந்தது. அப்போது மதம் இல்லை என்றவர்கள் 14.8 சதவீதம், 2011இல் 25.2, 2021இல் 37.2. கிறித்தவர்கள் முதல் தடவையாகப் பாதிக்குக் கீழே, 46.2க்கு இறங்கினார்கள். இது செய்தித்தாளில் வந்தது, எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அதே நாட்டில் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு என்று ஆண்டுதோறும் நடக்கிற இன்னொரு கணக்கு 2018இலேயே 52 சதவீதம் பேர் மதமில்லாதவர்கள் என்று காட்டியது. ஏன் இவ்வளவு இடைவெளி? கேள்வியைப் பாருங்கள் என்றார் ஆசிரியர். கணக்கெடுப்பு ‘உங்கள் மதம் என்ன?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குள்ளேயே உங்களுக்கு ஒரு மதம் இருக்கிறது என்ற எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. மற்றது ‘நீங்கள் ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?’ என்று முதலில் கேட்டுவிட்டு, ஆம் என்றால்தான் எது என்று போகிறது. போதாததற்குக் கணக்கெடுப்புப் படிவத்தை வீட்டில் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிவிடுவார், இருபது வயது மகனுக்கும் அப்பாவே டிக் அடித்துவிடுவார்.

நம் ஊருக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர் என்று ஆறு மதங்களுக்கு எண் குறியீடு இருந்தது, மற்றவர்கள் பெயரை முழுதாக எழுத வேண்டும். மதமில்லை என்பதற்குத் தனி எண் கிடையாது. மதம் குறிப்பிடாதவர்கள் என்று வந்த கணக்கு சுமார் 28.7 லட்சம், நாத்திகர் என்றே எழுதியவர்கள் நாடு முழுக்க 33 ஆயிரத்துச் சொச்சம். நூற்று இருபது கோடி பேரில் 33 ஆயிரம்! இந்த எண்ணை வைத்துக்கொண்டு இந்தியாவில் நாத்திகமே கிடையாது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் சொல்வது, குறியீடு இல்லாத ஒரு பதிலை வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் வற்புறுத்தி எழுத வைத்தவர்கள் இத்தனை பேர் என்பதை மட்டும்தான். பிரிட்டனின் இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இதை என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அந்த வார வீட்டுப்பாடம், இரண்டு கேள்விகளையும் தெரிந்தவர்கள் ஐந்து பேரிடம் ஒரு நாள் இடைவெளி விட்டுக் கேட்டு எழுதுவது. தமிழில் எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்கே ஒரு சாயங்காலம் ஆனது. அம்மாவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன், “இந்துதான், இதென்னடா கேள்வி” என்றார். மறுநாள் இரண்டாவதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மதம்னெல்லாம் நினைச்சுக்கிட்டது இல்லப்பா, எனக்கு ஆத்தா இருக்கா, அவ்வளவுதான்” என்றார். அப்பாவிடம் முதல் கேள்விக்கு “சர்டிபிகேட்டுலயா, எனக்கா?” என்று எதிர்க்கேள்வி வந்தது. தெருமுனை டீக்கடைக்காரர் இரண்டுக்கும் இந்து என்றார், கூடவே வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் பாக்கி இருப்பதையும் சொன்னார். என்னோடு வேலை பார்க்கும் இயற்பியல் பேராசிரியர் முதலாவதற்கு முஸ்லிம், இரண்டாவதற்குக் ‘குடும்பம் அப்படித்தான்’ என்று நிறுத்திக்கொண்டார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஐந்தாவது ஆள் என் மகள், பன்னிரண்டாம் வகுப்பு, “நான் இன்னும் முடிவு பண்ணல” என்றாள். ஐந்து பேரில் மூன்று பேருக்குப் பதில் கேள்வியோடு சேர்ந்து நகர்ந்தது. இது மாதிரியெடுப்பே இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் இருபது வருடமாக வினாத்தாள் வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு என் வீட்டுக் கூடத்தில் கிடைத்த இந்தப் பாடம் பெரியது.

நான்காம் வாரம் மேற்கு ஐரோப்பாவில் மதம் ஏன் தேய்ந்தது என்ற பழைய சண்டை. நவீன வாழ்க்கை வந்தால் மதம் மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்யும் என்று சமூகவியலாளர் ஸ்டீவ் புரூஸ் ஒருபக்கம். இல்லை, பிரிட்டனில் அது 1960களில் சட்டென்று நடந்தது, பெண்கள் தங்களைப் பக்தியோடு சேர்த்து அடையாளம் காண்பதை விட்டதுதான் காரணம் என்று வரலாற்றாளர் கேலம் பிரவுன் இன்னொரு பக்கம். மக்கள் நம்புகிறார்கள், எதிலும் சேர்வதில்லை என்று கிரேஸ் டேவி. மூன்று தரப்புக்கும் ஆசிரியர் சம இடம் கொடுத்தார். அமெரிக்காவையும் தொட்டார். பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் அங்கே மதம் சாராதவர்கள் 2007இல் 16 சதவீதமாக இருந்து இப்போது 29க்கு வந்திருக்கிறார்கள், கடைசி சில ஆண்டுகளாக அந்த ஏற்றம் நின்று சமதளமாக இருக்கிறது. இந்த வகுப்பு பரவாயில்லை ரகம். எங்கள் ஊரில் இது எப்படி என்ற கேள்வியோடு உட்கார்ந்திருப்பவருக்கு லீட்ஸ் நகரத்து ஞாயிறு வழிபாட்டு வருகைப் பதிவேடு கொஞ்சம் தூரம்தான்.

ஐந்தாம் வாரத்தை நான் வீண் என்றே சொல்வேன். 2004இலிருந்து 2007 வரை வந்த ஆங்கில நாத்திகப் புத்தகங்கள், அவற்றுக்கு வந்த மறுப்புகள், தொலைக்காட்சி விவாதத் துண்டுகள். இரண்டு மணி நேரமும் அதற்கே போனது. படிக்கிற பொருளாக அது ஒரு அரை மணி நேரத்துக்குத் தாங்கும். அதிலும் வகுப்பில் இருந்த இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஒரு ஆங்கிலிகன் பாதிரியாரும் ஒரு பொறியாளரும், விவாதத்தையே நேரில் தொடங்கிவிட்டார்கள். கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்பது இந்த வகுப்பின் வேலை இல்லை என்று முதல் நாளே சொன்ன ஆசிரியர் அன்றைக்கு இடையில் புகுந்து நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. எனக்கு அப்போது மணி நள்ளிரவு ஒன்றரை. இங்கே ஒரு எச்சரிக்கை: பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதனால் பதினொரு மணி வகுப்பு நமக்குப் பன்னிரண்டு மணி வகுப்பாகிவிடும். சேர்க்கைப் பக்கத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வாரம் மறுபடியும் உயர்ந்தது. மதமின்மை என்பதைத் தனி ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவர்களைப் பற்றிய வகுப்பு. 1971இலேயே காலின் காம்ப்பெல் மதமறுப்புக்கு ஒரு சமூகவியல் வேண்டும் என்று எழுதினார், ஆனால் அதற்கப்புறம் முப்பது முப்பத்தைந்து வருடம் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2008இல் லோயிஸ் லீ முதலானவர்கள் இதற்கென்று ஒரு ஆய்வு வலையமைப்பைத் தொடங்கினார்கள், 2011இல் கலிஃபோர்னியாவின் பிட்சர் கல்லூரியில் ஃபில் சக்கர்மன் தனிப் பாடத்துறையே தொடங்கினார், 2012இல் ‘செக்யூலரிசம் அண்ட் நான்ரிலிஜன்’ என்ற ஆய்விதழ் வந்தது. இந்த இதழ் முழுக்க இலவசம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் அதை மட்டும் வாசித்தாலே படிப்பில் பாதி வந்துவிடும் என்பது என் கருத்து.

லீயின் வாதம் எளிமையானது. மதத்தைக் கழித்தால் மிஞ்சுகிற வெற்றிடத்துக்கு மதமின்மை என்று பெயர் வைத்துவிடாதீர்கள், அதற்கென்று வீடு இருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன, உறவுகள் இருக்கின்றன, துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது, அவற்றைப் போய்ப் பாருங்கள் என்கிறார். அதைப் படித்த இரவு என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவும் கழகத்துக்காரர். அவர் இறந்தபோது பதினாறாம் நாள் கருமாதி வேண்டும் என்று பெரியம்மாவின் அண்ணன் தம்பிகள் நின்றார்கள், ஒரு சடங்கும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அப்பா நின்றார். கடைசியில் அதே பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தார்கள். பந்தல், நாற்காலி, மாலை போட்ட படம், நான்கு பேர் நினைவேந்தல் உரை, சாப்பாடு. புரோகிதர் இல்லை, பிண்டம் இல்லை. பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லா உரையையும் கேட்டார், படத்தைத் திறந்தபோதுதான் அழுதார். இவ்வளவு வருடமாக அதைக் ‘கருமாதி பண்ணாத வீடு’ என்றுதான் உறவில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். அன்று அங்கே ஒரு சடங்கு விடுபட்டது மட்டுமில்லை, அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது என்று எனக்கு விளங்க, அட்லாண்டிக் கரையிலிருந்து ஒரு கட்டுரை வர வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

அதே வாரத்தில் 2019இல் வெளிவந்த இன்னொரு ஆய்வறிக்கையையும் படித்தோம். கெண்ட் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து நடந்தது, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களை பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் ஆராய்ந்தது. கடவுள் இல்லை என்பவர்களில் பலர் ‘நாத்திகர்’ என்ற பட்டத்தை எடுத்துக்கொள்வதில்லை, இயற்கைக்கு அப்பாற்பட்டது எதுவுமே கிடையாது என்று முழுதாக நிற்பவர்கள் எந்த நாட்டிலும் சிறுபான்மைதான், வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டால் குடும்பம், சுதந்திரம் என்று மற்றவர்கள் சொல்வதையே அவர்களும் சொல்கிறார்கள். அருமையான அறிக்கை. ஆனால் அந்த ஆறில் இந்தியா இல்லை. வகுப்பிலும் அதுதான் நிலைமை, இந்தியாவுக்கு ஒதுக்கியது ஏழாம் வாரத்தில் பாதி.

அந்தப் பாதியை நன்றாக நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். யோஹானஸ் குவாக் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தோடு ஊர் ஊராகப் போய்ச் செய்த ஆய்வு, ஆந்திர நாத்திகத் தலைவர் கோரா 1940இல் தொடங்கி பிறகு விஜயவாடாவுக்குக் கொண்டுபோன நாத்திக மையம் பற்றிய ஆய்வு, இரண்டையும் எடுத்தார். அந்த மகாராஷ்டிர இயக்கத்தைத் தொடங்கிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடையில் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொன்னபோது வகுப்பு அப்படியே அடங்கியது. கோவையில் 2017 மார்ச்சில் கடவுள் மறுப்பாளரான ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நான் சொன்னேன். டென்மார்க்கிலிருந்து படித்த ஒரு பெண், எங்கள் ஊரில் நம்பிக்கை இல்லை என்று சொல்வதற்கு ஒரு விலையும் இல்லை, அதனால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதும் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல பக்கங்களுக்குச் சமம்.

தமிழ்நாடு மட்டும் பாடத்திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. 1925இல் தொடங்கி நூறாண்டைத் தொட்ட சுயமரியாதை இயக்கம் இல்லை. புரோகிதர் இல்லாமல், தாலி கட்டாயமில்லாமல் செய்கிற திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்தது இல்லை. அந்தச் சட்டமே இந்து திருமணச் சட்டத்துக்குள் 7ஏ என்று சேர்த்த பிரிவுதான், அதாவது கடவுளை மறுத்து வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொள்ளும் இரண்டு பேர் சட்டத்தின் கண்ணில் இரண்டு இந்துக்கள். மதத்துக்கும் மதமின்மைக்கும் கோடு எங்கே விழுகிறது என்று எட்டு வாரம் பேசுகிற படிப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? இதை வகுப்பு உரையாடலில் எழுதினேன். ஆசிரியர் அதைத் திரையில் போட்டுப் படித்துக் காட்டி, கட்டுரைக்கு இதையே எடுங்கள் என்றார்.

அதற்கப்புறம் 1880களின் சென்னை இலௌகிக சங்கத்தைப் பற்றி மின்னஞ்சலில் எழுதினேன். லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் தொடங்கிய தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தின் தாக்கத்தில் இங்கே ஒரு குழு கூடித் தமிழில் ‘தத்துவ விவேசினி’ என்றும் ஆங்கிலத்தில் ‘தி திங்கர்’ என்றும் இதழ் நடத்தியது, அவற்றிலிருந்து கிடைத்ததைப் பேராசிரியர் வீ. அரசு தொகுதி தொகுதியாகப் பதிப்பித்திருக்கிறார் என்று சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில், ஏழெட்டுக் கேள்விகளோடு. அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு மாணவர் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் சென்னை அந்த வகுப்புக்குள் நுழையும் என்ற நிலை சரியில்லை, இதைக் கருத்துப் படிவத்திலும் எழுதினேன்.

கட்டுரையில் நான் கடைசியில் எடுத்தது இன்னும் பழைய ஒன்று. மணிமேகலையில் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ இருக்கிறதல்லவா, வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று அவள் கேட்டுக்கொண்டே வருவாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி என்று வருகிற அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறவன் பூதவாதி. உலகம் பூதங்களின் சேர்க்கை, இந்தப் பிறப்போடு எல்லாம் முடிந்தது என்கிறவன். அவன் சொல்வதை அவள் ஏற்கவில்லை, கேள்வி கேட்டு மடக்குகிறாள், ஆனால் சமயக்கணக்கர் வரிசையில் அவனுக்கும் ஒரு இடம் கொடுத்துத்தான் கேட்கிறாள். அவனை வெளியே நிறுத்தி இவன் சமயமில்லாதவன் என்று வேறு கட்டத்தில் போடவில்லை. ‘சமயம்’ என்ற நம் சொல்லுக்குள் மறுப்பவனுக்கும் நாற்காலி இருந்திருக்கிறது, ‘ரிலிஜன்’ வந்து ‘நான்ரிலிஜ’னைப் பிரித்தபோது அந்த நாற்காலி வெளியே போய்விட்டது என்று எழுதினேன். 68 மதிப்பெண் கொடுத்து, ஒரு காப்பியத்தை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்குப் போகக்கூடாது, கல்வெட்டிலும் உரைகளிலும் இந்தச் சொல் எப்படி வருகிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பார்க்கவில்லை, இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேவை என்ற வகையில் மற்ற விஷயங்கள். நூலகக் கணக்கு இரண்டு வாரம் வேலை செய்யவில்லை, உதவி மையத்துக்கு எழுதினால் தானியங்கிப் பதில் மட்டும் வந்தது, கடைசியில் ஆசிரியரே கட்டுரைகளை பிடிஎஃப் ஆக அனுப்பினார். சேரும்போதே நூலக அனுமதி எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், வாசிக்காமல் வகுப்புக்குப் போனால் பாதி புரியாது. வகுப்புப் பதிவுகள் மறுநாளே ஏறிவிடும், அது நல்ல ஏற்பாடு, ஆனால் குழு உரையாடல் பதிவாகாது, நிஜமான சரக்கு அங்கேதான் இருந்தது. எங்கள் பேட்சில் பதினான்கு பேர், அதற்கு மேல் போனால் பேச வாய்ப்பு வராது, எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆங்கிலம் பயப்பட வேண்டியதில்லை, மெதுவாகத்தான் பேசுகிறார்கள். கொடுக்கிற சான்றிதழ் வேலைக்கு உதவாது, அதற்காகச் சேராதீர்கள்.

34 ஆயிரம் தகுமா என்றால், கற்பிக்கிறவர்கள், பத்திரிகையாளர்கள், கணக்கெடுப்பு, களஆய்வு என்று வேலை செய்கிறவர்கள் இவர்களுக்குத் தகும். பகுத்தறிவு இயக்கத்தில் இருப்பவர்களும் பக்தியோடு இருப்பவர்களும் இருவருமே தாராளமாகச் சேரலாம், அந்த ஆங்கிலிகன் பாதிரியார் கடைசி வாரம் வரை ஒரு வகுப்பையும் விடவில்லை. தன் கட்சிக்கு ஆதாரம் சேகரிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், கிடைக்காது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைப் பிடித்துவைத்தது ஐந்தாம் வாரத்துக்காகவும் சென்னை விடுபட்டதற்காகவும்.

கட்டுரையைத் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் என்னப்பா சொல்வீர்கள் என்று கேட்டேன். “மதம் இல்லைன்னு சொல்வேன், அவங்க எப்படிப் பதியறாங்கன்னு பக்கத்துல நின்னு பார்ப்பேன்” என்றார். உள்ளேயிருந்து அம்மா, “எனக்கு என்ன போடறதுன்னு என்கிட்ட கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க” என்றார்.